மேடையும் துணியும் – 9: வலைத்துணி, வாயு விளக்கு, டூட்டு

பாலே உடையின் வரலாற்றை எழுதியவர்களில் பலர் அதற்கு ஒரு பிறந்தநாளையும் ஒரு தகப்பனையும் தந்துவிட்டார்கள். நாள், 1832 மார்ச் 12. இடம், பாரிஸில் லெ பெலெத்தியே தெருவில் இருந்த ஓபரா அரங்கு. அன்றிரவு ‘லா சில்ஃபீட்’ என்ற புதிய பாலே அரங்கேறியது. காற்றில் வாழும் மோகினியாக மரீ டாக்லியோனி ஆடினார். இடுப்பை இறுக்கிப் பிடித்த ரவிக்கை, திறந்த தோள்கள், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் வந்து நிற்கும் வெள்ளை மணிப் பாவாடை. இதை வடிவமைத்தவர் எஜேன் லாமி என்ற ஓவியர் என்பார்கள். அதன் பிறகு காலின் வித்தை வளர வளர, அதைக் காட்டுவதற்காகப் பாவாடை குறுகிக்கொண்டே வந்து, முழங்காலைத் தாண்டி மேலேறி, கடைசியில் இடுப்பிலிருந்து தட்டாக நீட்டிக்கொண்டு நிற்கும் இன்றைய டூட்டு ஆனது என்று கதை முடியும். இந்தக் கதையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதில் ஓவியர் இருக்கிறார், நடனமணி இருக்கிறார், நடனம் அமைத்தவர் இருக்கிறார். துணியும் விளக்கும் தையற்கூடமும் இல்லை. டூட்டு வடிவம் மாறிய ஒவ்வொரு முறையும் அந்த மாற்றத்துக்கு வழி திறந்தவை விடுபட்டுப்போன இந்த மூன்றும்தான் என்பது என் வாதம். இவற்றை விட்டுவிட்டுச் சொன்னால் வரலாறு தவறிப்போவதோடு, அந்த உடையோடு எரிந்துபோன பெண்களின் சாவும் காரணமில்லாத விதியாகிவிடுகிறது.

முதலில் பிறந்தநாளை எடுத்துக்கொள்வோம். 1832இல் டாக்லியோனி உடுத்தியது யாரும் காணாத புதுமை அன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே மரீ கமார்கோ தன் பாத வேலை தெரிவதற்காகப் பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றியிருந்தார். 1734இல் லண்டனில் ‘பிக்மாலியன்’ ஆடிய மரீ சாலே, அகன்ற சட்டகப் பாவாடையைக் கழற்றிவிட்டு எளிய மஸ்லின் உடையில் மேடையேறினார். 1830களின் தொடக்கத்தில் பாரிஸ் சீமாட்டிகள் மாலை விருந்துக்கு உடுத்திய ஆடையைப் பார்த்தால், இறுகிய இடுப்பும் திறந்த தோளும் மணிபோல் விரிந்த பாவாடையும் அதிலும் உண்டு. நீளத்தைக் கொஞ்சம் குறைத்து நிறத்தை வெள்ளையாக்கினால் சில்ஃபீடின் உடை கிட்டத்தட்ட வந்துவிடும். வெள்ளைப் பெண்கள் கூட்டமாக மேடையில் மிதந்து வரும் காட்சிகூட அந்த இரவுக்கு முந்தியது. 1831 நவம்பர் 21 அன்று அதே அரங்கில் அரங்கேறிய மயர்பியரின் ‘ராபர்ட் லெ டியாப்ல்’ என்ற ஓபராவில், இடிந்த மடத்துக் கல்லறைகளிலிருந்து இறந்துபோன கன்னிகாஸ்திரீகள் எழுந்து வந்து நிலவொளியில் ஆடுகிறார்கள். அவர்களின் தலைவியாக ஆடியதும் டாக்லியோனிதான். லாமியின் திறமையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கம் அல்ல. ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த உடைக்கு ஒரே ஒரு தகப்பனைத் தேடுவது பயன் தராது என்கிறேன்.

அப்படியானால் 1830களில் புதிதாக நடந்தது என்ன? பழைய துணி புதிய வெளிச்சத்துக்கு வந்தது. லெ பெலெத்தியே அரங்கில் 1822இல் ‘அலாவுதீன்’ ஓபராவுக்காக முதன்முதலில் வாயு விளக்கு மேடைக்கு வந்தது. அதற்கு முன் இருந்தவை மெழுகுத்திரியும் எண்ணெய் விளக்கும். அவற்றின் மஞ்சள் ஒளியில் வெள்ளைத் துணி பழுப்பாகத்தான் தெரியும். வேண்டும்போது கூட்டிக் குறைப்பதும் கடினம். வாயு விளக்கை ஒரே இடத்திலிருந்து திருகி மங்கச் செய்யலாம், சட்டென்று பெருக்கலாம். மேடையில் நிலவு என்ற ஒன்று நம்பும்படியாக எழுந்தது அதன் பிறகுதான். கன்னிகாஸ்திரீகளின் மடத்தை அமைத்த காட்சி ஓவியர் சிசேரி இதை நன்றாக அறிந்திருந்தார். அந்த நிலவுக்கு ஏற்ற துணி, ஒளியைத் தடுத்து நிறுத்தாமல் பாதியை உள்ளே விட்டுப் பாதியைத் தன் மேல் தேக்கிக்கொள்ளும் மெல்லிய வெள்ளைத் துணி. ஓர் அடுக்கு போதாது. பல அடுக்குகள் வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் உடல் கரைந்து, விளிம்பில்லாத ஒரு வெண்மை மட்டும் நகர்வதாகத் தோன்றும். டாக்லியோனியின் ஆட்டத்தில் இருந்த மென்மையும், தகப்பனார் ஃபிலிப்போவிடம் அவர் பெற்ற கடுமையான பயிற்சியும்தான் அந்த மாயத்தைச் செய்தன என்று ஒருவர் மறுக்கலாம். பெருவிரல் நுனியில் எழும்பி நின்றவர்கள் அவருக்கு முன்பும் உண்டு. அந்த வித்தையைப் பாரமே தெரியாத கவிதையாக்கியவர் அவர் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் எடை இல்லாதவள் என்று பார்வையாளர் நம்புவதற்குப் பாதம் மட்டும் போதாது. பாதம் தரையை விட்டு எழும்பிய பின்னும் ஒரு கணம் காற்றில் தங்கி, மெதுவாக அமரும் துணி வேண்டும். கனத்த பட்டுப் பாவாடையில் அதே பெண் அதே அடவை ஆடியிருந்தால் அவர் இறங்கும் வேகத்திலேயே துணியும் இறங்கியிருக்கும்.

அந்தத் துணி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நாம் பாரிஸை விட்டு வெளியே போக வேண்டும். பிரான்ஸில் லியோனுக்கு அருகே தரார் என்ற ஊர் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மஸ்லின் நெய்தது. ஐரோப்பியச் சீமாட்டிகள் போட்டி போட்டு வாங்கிய இந்திய மஸ்லினைப் போல ஒன்றைச் சொந்த நாட்டிலேயே நெய்துவிட வேண்டும் என்பதே அந்தத் தொழிலின் தொடக்கம். பாலே பாவாடைகளுக்கு வெகுகாலம் பயன்பட்ட டார்லட்டன், இடைவெளி விட்டு நெய்து மொடமொடப்பாகக் கஞ்சி போட்ட பருத்தித் துணி; அதற்கும் பெயர் பெற்ற ஊர் தரார்தான். வங்காளத்து நெசவாளியின் விரல் நுட்பத்தை இயந்திர நூல் துரத்தித் துரத்திப் பிடித்த அந்த நூற்றாண்டில், அந்த ஓட்டத்தின் ஓர் எல்லை டாக்காவில் ஒடிந்துபோன தறி. இன்னோர் எல்லை பாரிஸ் ஓபராவின் வெள்ளைப் பாவாடை. வலைத்துணியின் கதை இதைவிட ஆரவாரமானது. கையால் நாள்கணக்கில் பின்ன வேண்டியிருந்த அறுகோண வலையைப் பின்னும் இயந்திரத்துக்கு இங்கிலாந்தின் ஜான் ஹீத்கோட் 1808, 1809 ஆண்டுகளில் காப்புரிமை பெற்றார். 1816 ஜூனில் லஃப்பரோவில் இருந்த அவருடைய ஆலைக்குள் இரவில் புகுந்த, லடைட்டுகள் எனப்பட்ட இயந்திர எதிர்ப்பாளர்கள் 55 இயந்திரங்களை உடைத்தார்கள். அவர் தொழிலை அப்படியே டெவனில் உள்ள டிவர்ட்டனுக்கு மாற்றிக்கொண்டார். அதே காலத்தில் அந்த இயந்திரங்கள் கடல் கடந்து, கள்ளத்தனமாகக் கலே நகரத்துக்கும் போய்ச் சேர்ந்தன. விலை சரிந்தது. ஒரு நடனமணிக்கு ஓர் உடை என்பதல்ல, இருபது முப்பது பெண்களுக்கு ஒரே மாதிரி அடுக்கடுக்கான வெள்ளை உடை என்பது அரங்க நிர்வாகத்தின் கணக்குக்குள் வந்தது. 1841இல் ‘ஜிசேல்’ அரங்கேறியபோது அதன் இரண்டாம் அங்கத்தை வெள்ளை ஆவிகளால் நிரப்ப முடிந்ததற்குக் கவிதை ஒரு காரணம் என்றால் மலிந்த துணி இன்னொரு காரணம்.

ஒளியைத் தேக்கும் துணி நெருப்பையும் தேக்கும். பருத்தி, மெல்லிய நூல், அடுக்குகளுக்கிடையே நிறையக் காற்று: எரிவதற்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. மேடையின் முன்விளிம்பிலும் பக்கங்களிலும் திறந்த சுடர்கள் வரிசையாக எரிந்தன. 1844 டிசம்பர் 14 அன்று லண்டன் டுரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டர் என்ற இளம் நடனமணியின் பாவாடை, பாலேயின் நடுவே, பார்வையாளர் கண்ணெதிரிலேயே தீப்பிடித்தது. மூன்றாம் நாள் இறந்துபோனார். 1861 செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் ஒப்பனை அறையில் வாயு விளக்கிலிருந்து ஓர் உடையில் பற்றிய தீ ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவியது. கேல் சகோதரிகள் உள்ளிட்ட குறைந்தது ஆறு பெண்கள் மாண்டார்கள். இவை விதிவிலக்கான விபத்துகள் அல்ல. துணியும் விளக்கும் சேர்ந்த ஓர் ஏற்பாட்டில் எதிர்பார்க்கக்கூடிய விளைவுகள். எதிர்பார்க்கவும் பட்டன என்பதற்குச் சான்று பிரெஞ்சு அரசே. மேடைக் காட்சித் துணிகளையும் உடைகளையும் தீப்பிடிக்காதபடி பதப்படுத்த வேண்டும் என்று 1859 நவம்பரில் ஆணை வந்தது. படிகாரம், வெண்காரம் போன்ற உப்புகள் கலந்த கரைசலில் துணியை நனைத்து உலர்த்தும் கார்தெரோன் என்பவரின் முறை கையில் இருந்தது. அது வேலையும் செய்தது. ஆனால் அப்படி நனைத்த துணி விறைத்தது, நிறம் மங்கியது, காற்றில் தங்காமல் தொங்கியது.

எம்மா லிவ்ரியின் கதையை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். டாக்லியோனியே தன் வாரிசாக எடுத்து வளர்த்த பெண். டாக்லியோனி அமைத்து, ஆஃபன்பாக் இசையமைத்து, 1860 நவம்பரில் அரங்கேறிய ‘லெ பாப்பியோன்’ என்ற பட்டாம்பூச்சி பாலேயில் நாயகி. 1862 நவம்பர் 15 அன்று ‘போர்த்திச்சியின் ஊமைப்பெண்’ ஓபராவின் ஒத்திகையில், உட்காரும் முன் பாவாடையை விரித்து உதறினார். கிளம்பிய காற்றில் அருகிலிருந்த சுடர் எம்பித் துணியைப் பற்றியது. எரிந்துகொண்டே மேடையில் ஓடினார். எட்டு மாதம் வேதனைப்பட்டு 1863 ஜூலை 26 அன்று இறந்தார். வயது இருபது. பட்டாம்பூச்சி பாலேயின் கதையிலும் நாயகியின் சிறகைத் தீ கருக்குகிறது என்பதால், எழுதியவர்கள் ஒருவர் விடாமல் இதை விதியின் விளையாட்டாக்கி எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விதி என்று சொன்னதும் விளக்குக்குப் பொறுப்பானவர், துணிக்குப் பொறுப்பானவர், ஆணையைக் காகிதத்தோடு விட்டவர் எல்லோரும் மேடையை விட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பதப்படுத்திய பாவாடையை வேண்டாம் என்றவர் லிவ்ரியேதான். முதல் ஆட்டங்களில் வழக்கமான பாவாடையோடுதான் ஆடுவேன், என்ன நேர்ந்தாலும் பொறுப்பு என்னுடையது என்று 1860இல் இயக்குநருக்கு எழுதிக் கொடுத்தார். எரிந்த பிறகும், படுக்கையில் இருந்தபடியே, அந்தப் பாவாடைகள் அழகற்றவை, திரும்பவும் ஆட நேர்ந்தாலும் உடுத்தமாட்டேன் என்று சொன்னதாகப் பதிவு இருக்கிறது. அப்படியிருக்க நிர்வாகத்தைக் குறை சொல்வது ஏன்? அவர் அறிவில்லாமல் பிடிவாதம் பிடித்தார் என்று நான் நினைக்கவில்லை. துணியின் கணக்கு அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். டாக்லியோனியின் வழியில் வந்தவருக்கு மூலதனமே எடையின்மைதான். விறைத்துத் தொங்கும் பாவாடையோடு அவர் மேடையேறினால் மக்கள் பார்க்கப்போவது வேறொரு, சாதாரண ஆட்டக்காரியை. அந்த எடையின்மைக்காகவே அவரை அமர்த்தி, அதற்காகவே சுவரொட்டி அடித்து, அதற்காகவே சீட்டு விற்ற நிறுவனம், தீயின் பொறுப்பை மட்டும் அவர் கையெழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டது. ஆணை எல்லோருக்கும் ஒன்றாக, விலக்கின்றி அமலாகியிருந்தால் எல்லோர் பாவாடையும் ஒரே அளவு மங்கியிருக்கும். எவருக்கும் தனியாக நட்டம் வந்திருக்காது. ஒருவர் மறுக்கலாம் என்று கதவைத் திறந்து வைத்தால் மறுப்பவர் மட்டுமே அழகாகத் தெரிவார். அதன் பிறகும் சிக்கலைத் தீர்த்தது துணி அல்ல, விளக்கு. 1881இல் லண்டன் சவாய் அரங்கு முழுக்க மின்விளக்கால் ஒளி பெற்றது. ஐரோப்பாவின் பெரிய அரங்குகள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. மெல்லிய பருத்தி அப்படியே இருந்தது. சுடர்தான் கண்ணாடிக் குமிழுக்குள் போனது.

இனிப் பாவாடை குறுகிய கதை. வித்தைக்காகத் துணி வழிவிட்டது என்ற விளக்கம் எளிமையானது என்பதால் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. காலவரிசை அதற்கு முழுதாக ஒத்துவரவில்லை. வித்தையில் மிகப் பெரிய பாய்ச்சல் நிகழ்ந்தது இத்தாலியப் பயிற்சியில் வந்தவர்களால், 1880களிலும் 1890களிலும் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில். பியரீனா லென்யானி ஒற்றைக் காலின் நுனியில் நின்று, மறு காலைச் சாட்டையாக வீசி, 32 முறை தொடர்ந்து சுழன்றார். 1895இல் ‘ஸ்வான் லேக்’ புதுவடிவம் பெற்றபோது அந்தச் சுழற்சி அதில் நிலைத்தது. அவருடைய புகைப்படங்களைப் பாருங்கள். முழங்காலையொட்டி வந்து நிற்கும், கனமாக அடுக்கிய மணிப் பாவாடைதான். இன்று நாம் டூட்டு என்றதும் நினைக்கும் தட்டையான வட்டம் அங்கே இல்லை. அது நிலைபெற்றது இருபதாம் நூற்றாண்டு வெகுவாக நடந்த பிறகு. ஆக, வித்தை முன்னால் வந்துவிட்டது, தட்டு பல பத்தாண்டுகள் பிந்தி வந்தது. வித்தை கேட்டதும் துணி கொடுத்துவிடவில்லை. கேட்டதைக் கொடுக்கும் திறன் துணிக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆண்களின் பார்வைக்காகத்தான் குறுகியது என்பது இரண்டாவது விளக்கம். இதை ஒதுக்கித் தள்ள எவராலும் முடியாது. 1831இல் பாரிஸ் ஓபராவைக் குத்தகைக்கு எடுத்த வெரோன், நடனமணிகள் ஆட்டத்துக்கு முன் உடலைத் தயார் செய்யும் கூடத்தை ஆண்டுச் சந்தா கட்டிய பணக்காரர்களுக்குத் திறந்துவிட்டார். 1861இல் வாக்னரின் ‘டான்ஹொய்சர்’ ஓபராவில், தாமதமாக வரும் தங்களுக்கு வசதியான இரண்டாம் அங்கத்தில் பாலே இல்லை என்பதற்காக ஜாக்கி கிளப் என்ற பணக்காரர் சங்கத்துச் சீமான்கள் சீழ்க்கை அடித்தே ஆட்டத்தை முடக்கினார்கள். அங்கே வறுமையிலிருந்து வந்த சிறுமிகள் என்ன விலைக்கு உள்ளாக்கப்பட்டார்கள் என்பதை எழுதாத வரலாறு முழுமையான வரலாறு ஆகாது. ஆனால் பாவாடை நீளத்துக்கு இதுவே காரணம் என்றால், அந்தச் சீமான்களின் அதிகாரம் உச்சத்தில் இருந்த பாரிஸில்தான் அது முதலில் குறுகியிருக்க வேண்டும். நடந்தது அதுவல்ல. 1870களில் ஓவியர் தெகா வரைந்த பாரிஸ் நடனமணிகள் முழங்காலை மறைக்கும் பாவாடையோடுதான் இருக்கிறார்கள். 1881இல் அவர் காட்சிக்கு வைத்த பதினான்கு வயதுச் சிறுமியின் மெழுகுச் சிலைக்கு நிஜத் துணியாலேயே பாவாடை கட்டியிருந்தார். துணியை வெட்டும் துணிச்சல் வந்தது இத்தாலியப் பெண்களிடமிருந்து. 1885இல் பீட்டர்ஸ்பர்குக்கு வந்த விர்ஜீனியா சுக்கி, அங்கே வழக்கத்திலிருந்த நீளம் தனக்கு ஒவ்வாது என்று பிடிவாதமாகக் குறைத்துக்கொண்டார். பார்வையாளரின் ஆசை எப்போதும் இருந்தது. எப்போதும் இருக்கும் ஒன்றை வைத்து, குறிப்பிட்ட ஓர் ஊரில் குறிப்பிட்ட ஒரு காலத்தில் நிகழ்ந்த மாற்றத்தை விளக்க முடியாது.

குறுகிய பாவாடை ஒரு சீருடையாக இறுகிப்போனதும் ரஷ்யாவிலேயே எதிர்ப்பும் எழுந்தது. எகிப்தியப் பெண்ணானாலும் கிரேக்கப் பெண்ணானாலும் நாயகிக்கு அதே விறைத்த பாவாடையும் அதே இளஞ்சிவப்புக் காலணியும்தானா என்று நடன அமைப்பாளர் மிகயீல் ஃபோகின் கேட்டார். 1914 ஜூலையில் லண்டன் ‘டைம்ஸ்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில் இதைக் கொள்கையாகவே முன்வைத்தார். ஆனால் அவர் டூட்டுவைக் கொளுத்திவிடவில்லை. 1909 ஜூனில் பாரிஸில் தியாகிலெவின் ரஷ்ய பாலே குழு ஆடிய ‘லே சில்ஃபீட்’ பாலேயில் டாக்லியோனி காலத்து நீண்ட வெள்ளைப் பாவாடையை மீண்டும் கொண்டுவந்தார். அன்று முதல் நீளமும் குறுக்கமும் ஒன்றையடுத்து ஒன்று வரும் படிகளாக இல்லை. இரண்டும் அலமாரியில் அருகருகே தொங்குகின்றன, எந்தக் கதைக்கு எது பொருந்துமோ அதை எடுத்துக்கொள்ளலாம். இந்த ஒரு மாற்றத்தில் மட்டும் துணிக்கோ விளக்குக்கோ பங்கில்லை, இது முழுக்க ஒரு கலைஞரின் முடிவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவரும் புது வடிவம் எதையும் கொடுக்கவில்லை, இருந்ததிலிருந்து எடுத்தார்.

தட்டையான டூட்டுவுக்கு மீண்டும் தையற்கூடத்துக்குத்தான் திரும்ப வேண்டும். இடுப்பைப் பிடிக்கும் பட்டை, அதோடு இணைத்த உள்ளாடை, அந்த உள்ளாடையின் மேல் கீழிருந்து மேலாக ஒன்றைவிட ஒன்று அகலமாகத் தைத்த பத்துக்கும் மேற்பட்ட வலைத்துணி அடுக்குகள், அடுக்குகளின் நடுவே தட்டு சாயாமல் தாங்க எஃகுக் கம்பி வளையம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நைலான் வலை பெருகியது. பருத்தி வலை வியர்வையிலும் ஈரத்திலும் தளர்ந்துபோகும். நைலான் அப்படி எளிதில் தளராது. தட்டு நேராக நின்றது. ஆனால் வளையம் ஒரு புதுத் தொல்லையையும் கொண்டுவந்தது. இரண்டு நடனமணிகள் நெருங்கி உரசினால், ஒரு பக்கம் தாழ்ந்த தட்டு மறு பக்கம் தூக்கிக்கொள்ளும். தனியாக ஆடுபவருக்கு இது பெரிதல்ல. நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்ஷீனின் ‘சிம்ஃபனி இன் சி’ பாலேயின் இறுதியில் ஐம்பது பேரளவில் ஒரே மேடையில் நெருக்கியடித்து ஆடுகிறார்கள். அங்கே வளையம் ஒத்துவராது. 1950இல் அதற்கு விடை கண்டவர் பார்பரா கரின்ஸ்கா. கார்கிவ் நகரில் பிறந்து, புரட்சிக்குப் பின் ரஷ்யாவை விட்டுப் பாரிஸுக்கும் பிறகு நியூயார்க்குக்கும் வந்த தையற்கலைஞர். ‘ஜோன் ஆஃப் ஆர்க்’ படத்தின் உடைகளுக்காக டோரதி ஜீக்கின்ஸுடன் ஆஸ்கர் பெற்றவர். அவர் வளையத்தையே எடுத்துவிட்டார். அடுக்குகளைக் குறைத்து, குட்டையாக வெட்டி, ஒன்றோடொன்று நூலால் தளர்வாகக் கோத்தார். கீழடுக்குகளே மேலடுக்கைத் தாங்கின. தட்டு விறைத்து நிற்காமல் இடுப்பின் மேல் மெத்தென்று படிந்தது. ரவிக்கையிலும் மாற்றம் செய்தார். மார்பும் விலாவும் மூச்சுக்கு விரிந்து கொடுக்கும்படி சில துண்டுகளை நம்மூர்த் தையல்காரர்கள் கிராஸ் கட் என்பார்களே, அப்படி வெட்டிச் சேர்த்தார். வரைபடம் போட்டுக் கொடுப்பவர் ஒருவர், அதைத் தைத்துத் தருபவர் ஒருவர் என்ற பழைய பிரிவினை இவரிடம் கடைசியில் இல்லாமலே போனது; பாலன்ஷீனின் பல பாலேக்களுக்கு வடிவமைப்பும் தையலும் அவருடையவைதான். பாலன்ஷீனின் குழுவான நியூயார்க் சிட்டி பாலேயின் நிகழ்ச்சித் தாளில் உடை என்ற சொல்லுக்கு நேரே தையற்கூடத்துப் பெண் ஒருவரின் பெயர் அச்சாகி வந்தது.